கவிச்சி வராத வீடு

திருவையாற்றில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காவிரிப் பாலத்துக்குப் பக்கத்தில் மீன் விற்பார்கள். ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் கெண்டை, விரால். மற்ற நாட்களில் நாகப்பட்டினத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் கடல் மீன். காய்கறி வாங்கப் போகும் கனகா அந்த இடம் நெருங்கியதும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கமாகப் போய்விடுவாள். பக்கத்தில் போனால் கால் நின்றுவிடும். நின்றால் கை சும்மா இருக்காது, செவுளைத் தூக்கிப் பார்க்கும். பார்த்துவிட்டு வாங்காமல் திரும்புவது எப்படி இருக்கும் என்று கல்யாணமான புதிதிலேயே அவள் தெரிந்துகொண்டுவிட்டாள்.

கனகா பிறந்தது வேளாங்கண்ணிக்குத் தெற்கே, கடலோரத்தில். அப்பா ஆழிப்பேரலையில் போனார். அதன்பிறகு அம்மா காளியம்மாள் அன்னக்கூடையில் மீன் சுமந்து, பஸ் ஏறி, கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தெருத்தெருவாக விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினாள். தம்பி ரஞ்சித் சின்ன வயதிலேயே படகுக்குப் போனான். பிளஸ் டூ முடித்து டைப்பிங்கும் படித்திருந்த கனகா கீழ்வேளூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்தக் கடைக்குப் பக்கத்து அரசு அலுவலகத்துக்கு இளநிலை உதவியாளராக வந்தவன்தான் அமிர்தலிங்கம். திருவையாற்றுச் சைவ வீட்டுப் பிள்ளை. தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தான். மதியத்தில் எங்கிருந்தோ வாங்கிய தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தோடு ஜெராக்ஸ் கடை பெஞ்சில் வந்து உட்காருவான். ஒருநாள் கனகா தன் டப்பாவைத் திறந்தபோது அவன் பொட்டலத்தை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"என்னங்க அது? இவ்வளவு வாசனையா இருக்கு."

"மத்திக் கொழம்பு. நீங்கல்லாம் சாப்பிட மாட்டீங்களே."

"யார் சொன்னா?"

முதல் நாள் குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டான். மறுநாள் மீனையும் கேட்டான். முள் எடுக்கத் தெரியாமல் திணறியவனுக்கு கனகாவே எடுத்துக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் காளியம்மாள் இரண்டு டப்பா கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். "அந்தப் புள்ளைக்குப் பிடிச்சது ஒன்னையா, என் கொழம்பையா?" என்று கேலி செய்வாள்.

திருவையாற்றில் அமிர்தலிங்கத்தின் அம்மா தையல்நாயகி தனியாக இருந்தாள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, வருகிற நெல்லை அவித்து அரைத்துச் சாப்பிடுகிற வீடு. பிள்ளை விஷயத்தைச் சொன்னதும் தையல்நாயகி சரியாகச் சாப்பிடாமல் சில நாள் கிடந்தாள். பிறகு சொல்லியனுப்பினாள்: "பொண்ணு வரட்டும். கவிச்சி வரக்கூடாது. அது ஒண்ணுதான்."

கல்யாணத்துக்கு முன்னால் அமிர்தலிங்கம் கனகாவிடம் பேசினான். "அம்மா இருக்குற வரைக்கும்தான் கனகா. ஒன்னைய மட்டும் விடச் சொல்லல, நானும் விட்டுடறேன். நீ சாப்பிடாதத நான் மட்டும் தின்னா அது சோறா?"

அந்தப் பேச்சை நம்பித்தான் கனகா அந்த வீட்டுக்கு வந்தாள். கடலோரத்துப் பெண்ணுக்கு மீனில்லாத சோறு காய்ச்சல்காரன் சாப்பாடு மாதிரி. முதல் வருஷம் எதைத் தின்றாலும் தின்ற மாதிரி இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்து அவனும் அதே சாம்பாரைத்தான் பிசைகிறான் என்பது ஒரு பலமாக இருந்தது. வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, பருப்புருண்டைக் குழம்பு, வாழைப்பூ உசிலி எல்லாம் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்தன. வாழைக்காயைப் பட்டையாகச் சீவி, சோம்பும் பூண்டும் மிளகாய்த்தூளும் அரைத்துத் தடவி, அம்மா மீன் வறுக்கிற பக்குவத்திலேயே தோசைக்கல்லில் போட்டு எடுப்பாள். தையல்நாயகிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அமிர்தலிங்கம் அதை வாயில் போட்டுவிட்டு, அம்மா கவனிக்காதபோது கனகாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவான். அன்றைக்கு முழுவதும் அவளுக்கு மனசு நிறைந்திருக்கும்.

கல்யாணமான கொஞ்ச காலத்தில் அவனுக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல் ஆயிற்று. காலையில் மோட்டார் சைக்கிளில் போய்ச் சாயங்காலம் திரும்புவான். விடியற்காலை எழுந்து கனகா அவனுக்கு மதியச் சாப்பாடு கட்டுவாள். நீல நிறப் பையில் மூன்று டப்பா. சோறு, குழம்பு, பொரியல். சாயங்காலம் பை திரும்பி வரும்போது டப்பாக்கள் கழுவித் துடைத்துச் சுத்தமாக இருக்கும். "எங்க வீட்டுக்காரரு எச்சிப் பாத்திரத்த வீட்டுக்குக் கொண்டாரவே மாட்டாரு" என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கனகா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

மகள் ஆர்த்தி பிறந்தபோது ஆபரேஷன். வீட்டுக்கு வந்த பிறகும் கனகாவுக்குப் பால் ஊறவில்லை. பிள்ளை கத்திக்கொண்டே இருந்தது. சேதி தெரிந்து காளியம்மாள் பால்சுறா வாங்கிக்கொண்டு புறப்பட்டாள். கடலோரத்தில் பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் மருந்து. பூண்டு நிறையப் போட்டுப் புட்டு கிண்டிக் கொடுத்தால் பால் ஊறும். ஐஸ் வைத்து, பைக்குள் பை போட்டு, அதற்கு மேல் ஒரு துணிப்பை சுற்றி, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் என்று பஸ் மாறி மாறி, மத்தியான வெயிலில் வந்து வாசலில் நின்றாள்.

தையல்நாயகி சத்தம் போடவில்லை. மரியாதையாகத்தான் பேசினாள்.

"நீங்க உள்ள வாங்க சம்பந்தி. அது வேணாம்."

"புள்ளைக்குப் பால் பத்தலன்னாங்க. ரெண்டு வேளை குடுத்தாப் போதுங்க. கொல்லையில கல்லு வச்சு நானே செஞ்சுடறேன். ஒங்க பாத்திரம்கூட எனக்கு வேணாம்."

"கொல்லையும் வீடுதாங்க சம்பந்தி. இந்த வாசப்படியத் தாண்டி அது வரக்கூடாது. கோவிச்சுக்காதீங்க."

உள்ளே கட்டிலில் பிள்ளையோடு படுத்திருந்த கனகாவுக்கு எல்லாம் கேட்டது. அமிர்தலிங்கம் எழுந்து போய் காளியம்மாள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். "குடுங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான். காளியம்மாள் கைகாலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, போட்ட சாம்பார் சோற்றைச் சாப்பிட்டு, "சாம்பார் ரொம்ப நல்லாருக்குங்க சம்பந்தி" என்றாள். அவன் வெகுநேரம் கழித்துத் திரும்பினான். என்ன செய்தீர்கள் என்று கனகா கேட்டதற்கு, "தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துட்டேன். வீணாக்கல" என்றான். அவனும் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு என்ன செய்வான் என்றுதான் கனகா நினைத்தாள். ஆர்த்தி பால் பவுடரில் வளர்ந்தாள்.

அதன்பிறகு காளியம்மாள் ஒரு நெத்திலிக் கருவாடுகூட எடுத்து வந்ததில்லை. பழமும் பூவும்தான் வாங்கி வருவாள். ஒருமுறை வந்தபோது அவள் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருப்பதைப் பார்த்து கனகா பதறிப்போனாள்.

"என்னம்மா இது, கை?"

"ஒண்ணுமில்ல. எலுமிச்சங்காயும் புளியும் போட்டுத் தேச்சேன். நேத்து யாவாரத்துக்கும் போவல."

"எதுக்கு?"

"இங்க வரணும்ல" என்றாள் காளியம்மாள். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் காசு கொடுத்துக் குளித்து, பையில் வைத்திருந்த வேறு சேலையைக் கட்டிக்கொண்டுதான் திருவையாற்று பஸ்ஸில் ஏறுவாள் என்று அன்றைக்குத்தான் கனகாவுக்குத் தெரிந்தது. எத்தனை வருஷமாக அப்படி நடந்தது என்று அவள் கேட்கவில்லை.

காளியம்மாள் ஓர் ஐப்பசி மாதம் இறந்துபோனாள். அப்போது தையல்நாயகி பக்கவாதத்தில் படுத்திருந்தாள். அவளுக்குச் சோற்றைக் குழைத்து ஊட்டவும், துடைத்துவிடவும் வேறு ஆள் கிடையாது. அம்மாவின் கருமாதிக்குக் காலையில் போய் மாலையில் திரும்பினாள் கனகா. தையல்நாயகி கெட்டவள் இல்லை. வாய் கோணி வார்த்தை குழறினாலும், ஊட்டும் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒரு மவ இருந்தாகூட இப்படிப் பாத்திருக்க மாட்டா" என்றாள். அடுத்த தையில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

வருஷத் திதி முடிந்த மறுநாள், இரவுச் சாப்பாட்டின்போது கனகா கேட்டாள்.

"ஏங்க, இனிமே வீட்டுல மீன் பண்ணலாமா?"

அமிர்தலிங்கம் இட்லியைப் பிட்டுக்கொண்டே யோசித்தான். "அம்மா படம் மாட்டியிருக்கு. விளக்கேத்துற வீடு. சொந்தக்காரங்க வர்றாங்க போறாங்க. தெருவுல நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அத்தை இருக்குற வரைக்கும்னுதான சொன்னீங்க."

"சொன்னேன். ஆனா பாரு, நாம ரெண்டு பேரும் இத்தன வருஷம் இல்லாமலே இருந்து பழகிட்டோம். இனிமே என்ன கனகா, அந்த ஆசையெல்லாம் வயசோட போயிருச்சு. எனக்கெல்லாம் இப்ப அந்த வாசனைகூட மறந்துபோச்சு."

நாம ரெண்டு பேரும் என்று அவன் சொன்னதால் கனகா மேலே பேசவில்லை.

ஆர்த்தி பிளஸ் டூ முடித்துத் திருச்சியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். ஹாஸ்டலுக்கு வேண்டிய சாமான் வாங்க அம்மாவும் மகளும் ஒரு வேலைநாளில் தஞ்சாவூருக்குப் போனார்கள். பக்கெட், பாய், தட்டு, டம்ளர், போர்வை என்று வாங்கி முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. முகூர்த்த நாள் வேறு. அவர்கள் வழக்கமாகப் போகும் சைவ ஹோட்டலில் சாப்பிடுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள்.

"வேற எங்கயாவது போலாம்மா" என்றாள் ஆர்த்தி.

கீழவாசல் பக்கமாக நடந்தபோது ஒரு சந்து முனையில் மீன் வறுக்கிற வாசனை வந்தது. கனகா நின்றுவிட்டாள். சந்துக்குள் ஒரு சின்ன மெஸ். வெளியே கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்தது: சங்கரா, வஞ்சிரம், இறால், நண்டு. மேலே பெயர்ப்பலகையில் அல்லா பிச்சை மெஸ், நாகூர்க் கைப்பக்குவம் என்று இருந்தது.

"ஆர்த்தி, இங்க சாப்பிடலாமா?"

ஆர்த்தியின் முகம் மாறியது. "இங்க வேணாம்மா. வா, போலாம்."

"ஒனக்கு வாசனை பிடிக்காதுன்னா நீ தயிர்ச்சோறு வாங்கிக்க. ஒரு தடவதான். அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"அதுக்கு இல்லம்மா, ப்ளீஸ், வேற எடத்துக்குப் போலாம்."

பிள்ளை சைவத்திலேயே வளர்ந்தது, கூச்சப்படுகிறது என்று கனகா நினைத்துக்கொண்டாள். அவளுக்கே உள்ளுக்குள் குறுகுறுப்பாகத்தான் இருந்தது. அங்கே அவர் நான் கட்டிக் கொடுத்த கத்தரிக்காய்க் கொத்சைத் தின்றுகொண்டிருப்பார், நான் இங்கே மீன் தின்னப் போகிறேன் என்று ஒரு குற்ற உணர்வு. ஒரு துண்டு பொட்டலம் கட்டி அவருக்கும் எடுத்துக்கொண்டு போனால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. மகளின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

இலை போட்டுக்கொண்டிருந்த வயதான அம்மாள் ஒருத்தி ஆர்த்தியைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வா பாப்பா! பரீட்சை முடிஞ்சப்புறம் ஆளையே காணும். இன்னைக்கு எறா தொக்கு இருக்கு, ஒனக்குப் பிடிக்குமே. அப்பா இப்பதான் சாப்பிட்டுப் போறாரு, கொஞ்சம் முந்தி வந்திருந்தாப் பாத்திருக்கலாம்."

ஆர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள். கனகாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறாள் என்று எண்ணினாள். அப்போதுதான் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் தொங்கிய நீலப் பையைப் பார்த்தாள். ஜிப் அறுந்துபோன இடத்தில் அவள் கறுப்பு நூல் போட்டுத் தைத்த பை. அதன் கீழே மூன்று டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"அந்தப் பை யாருது?" என்று கேட்டாள்.

"இவங்க அப்பாவுதுதான். திருவையாத்து சாரு. நீங்க பாப்பாவுக்கு..."

"அம்மா" என்றாள் கனகா.

வயதானவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கனகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாரு வீட்டு அம்மாவா! உக்காருங்க, உக்காருங்க. நான் வள்ளியம்மை. ஒங்கள ஒரு நாளாவது பாக்கணும்னு சாருகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன். நான் கவிச்சி தொட மாட்டேம்மா, வேலைதான் இங்க. ஒங்க சோறுதான் எனக்கு மதியச் சாப்பாடு. எத்தனையோ வருஷமா! இன்னைக்குக் கொத்சு வச்சிருந்தீங்க பாருங்க, அமிர்தம். டப்பாவ நான்தான் கழுவி வைப்பேன், சாரு சாயங்காலம் வண்டிய எடுக்கும்போது வாங்கிட்டுப் போவாரு."

கனகா உட்கார்ந்தாள். ஆர்த்தியும் எதிரே உட்கார்ந்தாள். வள்ளியம்மை இலை போட்டு, சோறு போட்டு, சங்கராக் குழம்பை ஊற்றி, வறுத்த வஞ்சிரத்தில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள்.

"ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கனகா மகளைக் கேட்டாள்.

"இங்க தஞ்சாவூர்ல ட்யூஷன் சேந்ததுலேர்ந்து. சனிக்கிழம சனிக்கிழம அப்பா கூட்டிட்டு வருவாரு." ஆர்த்தி இலையின் ஓரத்தைக் கிள்ளினாள். "ஒங்கிட்ட சொல்ல வேணாம்னாரும்மா. நீ வருத்தப்படுவேன்னு."

"வருத்தப்படுவேன்னு தெரிஞ்சிருக்கு" என்றாள் கனகா.

பிறகு சாப்பிட்டாள். விரலுக்கு முள் எடுக்கும் பழக்கம் போகவில்லை. எத்தனையோ இரவுகளில் கனவில்கூடத் தின்ற குழம்பு அது. ஆனால் வாயில் உப்பும் உறைப்பும் தெரிந்ததே தவிர, மீன் தெரியவில்லை. இலையில் வைத்ததை மிச்சம் வைக்காமல் தின்றாள். வள்ளியம்மை இன்னொரு துண்டு கொண்டுவந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் தின்றாள். கை கழுவிவிட்டு, நீலப் பையையும் டப்பாக்களையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"சாரு வந்து கேட்டா?" என்றாள் வள்ளியம்மை.

"வீட்டம்மா வந்து எடுத்துட்டுப் போனாங்கன்னு சொல்லுங்க."

அன்று மாலை அமிர்தலிங்கம் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தான். வண்டியை நிறுத்திவிட்டுக் கொல்லைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டே இருந்தான். உள்ளே வந்தபோது சாப்பாட்டு மேஜையில் நீலப் பை இருந்தது. கனகா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்த்தி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

கனகா தட்டில் தோசையைப் போட்டுச் சட்னியை ஊற்றினாள். அவன் ஒரு தோசையைத் தின்று முடித்தான்.

"அந்தம்மா எதையாவது ஒளறியிருக்கும்" என்றான்.

"ஒளறல. நல்ல மனுஷி. என் கொத்சு நல்லாருக்குன்னாங்க. இந்த வீட்டுல யாரும் அப்படிச் சொன்னதில்ல."

"வெளிய சாப்பிடுறது வேற, வீடு வேற கனகா. நாலு எடத்துக்குப் போற ஆம்பள. கூட வேல பாக்குறவங்க கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

"நானும் விட்டுடறேன்னு நீங்கதான சொன்னீங்க. நான் கேக்கவே இல்லையே. நீங்களா சொன்னீங்க."

"விட்டுத்தான் இருந்தேன். கொஞ்ச நாளு விட்டுத்தான் இருந்தேன்." இரண்டாவது தோசையைக் கிழித்தவன் அதை வாயில் வைக்கவில்லை. "ஒனக்கு அவ்வளவு ஆசைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"கேட்டேனே. அத்தை திதி முடிஞ்சதும் கேட்டேனே."

"வீட்டுல பண்ணலாமான்னுதான கேட்ட? வெளிய போலாமான்னு கேட்டியா?"

கனகா அடுப்பை அணைத்தாள். கல்லில் பாதி வெந்த தோசை அப்படியே கிடந்தது. ஒரு விஷயம் அவளுக்கு அப்போதுதான் மனசில் தட்டியது.

"ஆர்த்தி பொறந்தப்ப எங்கம்மா ஒரு சுறா கொண்டாந்தாங்கள்ல. அத யாருகிட்ட குடுத்தீங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"யாருகிட்ட?"

"அந்த பாய் மெஸ்ஸுலதான் குடுத்தேன். தூக்கியா எறிய முடியும்? அவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தது."

"புட்டு பண்ணாங்களா?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"கொஞ்சம்" என்றான் அமிர்தலிங்கம்.

கனகா அழவில்லை. பாதி வெந்த தோசையைச் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டாள். அன்றைக்கு அந்த வாசலில் அம்மா கெஞ்சியது, உள்ளே பிள்ளை வீறிட்டது, மாரைப் பிழிந்து பிழிந்து ஒரு சொட்டும் வராமல் தான் கிடந்தது எல்லாம் வரிசையாக வந்தன. அந்த நேரத்தில் தஞ்சாவூரில் இவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருஷமும் மாமியாரைத்தான் அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாடு கட்டுவதை நிறுத்திவிட்டாள். அதில் வள்ளியம்மைக்குத்தான் நஷ்டம். அந்த அம்மாள் மதியத்துக்கு என்ன செய்கிறாளோ என்று சில நாள் கவலைப்பட்டாள்.

ஆர்த்தி ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் இரண்டு பேர்தான். காலையும் இரவும் சோறு, குழம்பு, பலகாரம் எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் கனகா அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவனுக்கு வைத்துவிட்டு, அவன் எழுந்து போன பிறகு சாப்பிடுவாள். ஒருநாள் சாயங்காலம் அமிர்தலிங்கம் ஒரு பொட்டலத்தோடு வந்தான். வாழையிலையில் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றியிருந்தது. வாசலிலேயே வாசனை தெரிந்தது.

"வஞ்சிரம். ஒனக்காகத்தான் வாங்கினேன்" என்றான். "போதும் கனகா, முகத்தத் தூக்கிவச்சுக்கிட்டு இருக்கறது. தெருவுல எவன் என்ன பேசினா எனக்கென்ன? இனிமே நீ வீட்டுலயே பண்ணு. அம்மா படத்த மட்டும் உள் ரூமுக்கு மாத்திடுவோம்."

கனகா நிலைப்படியில் வந்து நின்றாள்.

"அது உள்ள வரக்கூடாது."

"யாரு தடுக்குறா இப்ப? நான்தான் சொல்றேனே."

"நான் தடுக்குறேன்."

"ஒனக்கென்ன பைத்தியமா? வேணும் வேணும்னு நீதான கேட்ட?"

"கேட்டேன். எங்கம்மா கொண்டாந்தது உள்ள வரல. வேற யாரு கொண்டாந்தாலும் வராது. நான் இருக்குற வரைக்கும் இந்த வீட்டுல கவிச்சி கெடையாது."

எதிர்வீட்டில் கோலமாவு விற்பவளோடு பேசிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அமிர்தலிங்கம் பொட்டலத்தை வண்டியில் மாட்டினான். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது கையில் ஒன்றுமில்லை. எங்கே வைத்துத் தின்றான், யாருக்குக் கொடுத்தான் என்று அவள் கேட்கவில்லை. மாமியார் சொன்ன சொல்லையே தானும் சொல்ல வேண்டியிருந்ததை நினைத்து அன்றிரவு அவளுக்கு வாய் கசந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த ஐப்பசியில் காளியம்மாளின் நினைவு நாள் வந்தது. ரஞ்சித் அக்காவுக்குப் போன் செய்ததோடு விடாமல் மச்சானுக்கும் போன் செய்து அழைத்துவிட்டான். கனகா தனியாகத்தான் புறப்பட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு அமிர்தலிங்கமும் வந்து, பஸ்ஸில் ஏறி அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான்.

ரஞ்சித் வீட்டில் காளியம்மாள் படத்துக்கு முன்னால் பெரிய இலை போட்டிருந்தார்கள். வறுத்த மீன், இறால், நண்டு, கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை பாக்கு, புகையிலை. தீபம் காட்டி முடிந்ததும் ஆண்களை முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். அமிர்தலிங்கம் தயங்காமல் போய் உட்கார்ந்தான். ரஞ்சித்தின் மனைவிக்கு ஆச்சரியம். அந்த வீட்டு மாப்பிள்ளை அங்கே வந்தால் பழமும் காப்பியும்தான் எடுத்துக்கொள்வார் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணன் நம்ம வீட்டு மீன் சாப்பிடுறாங்க!" என்று அடுப்படிக்கு ஓடிவந்து கனகாவின் காதில் சொன்னாள். கண்ணெல்லாம் சிரிப்பு. "அத்தை இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்க! இந்தாங்க, நீங்களே கொண்டுபோய் வைங்க."

அவள் நீட்டிய தட்டை கனகா பார்த்தாள். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? அம்மா நாளில், அம்மா வீட்டில், இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? தட்டை வாங்கிக்கொண்டு போனாள். ரஞ்சித்துக்கு ஒரு துண்டு வைத்தாள். அடுத்து அமிர்தலிங்கத்துக்கு வைத்தாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்க்காமல், "நடுத்துண்டா வை" என்றான்.

நடுத்துண்டாகவே வைத்தாள்.

பெண்கள் பந்தியில் கடைசியாக உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள். நல்ல பசி. வெளியே வேப்பமர நிழலில் ரஞ்சித்தும் அவனும் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. டீசல் விலை, வலை விலை, ஆர்த்தியின் படிப்பு.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. கனகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கீழ்வேளூர் தாண்டும்வரை அமிர்தலிங்கம் தூங்கினான். இரண்டு பக்கமும் சம்பா நட்ட வயல்களில் தண்ணீர் நின்றது. விழித்ததும் கொட்டாவி விட்டுக்கொண்டு, "ரஞ்சித் பொண்டாட்டி நல்லாத்தான் சமைக்கிறா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரிக்கு என்ன?" என்று கேட்டான்.

"ரவை இருக்கு" என்றாள் கனகா.